ஆளுக்கொரு முழுப் பிரதி

காற்று அடித்தால் கிரேன் எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் கணினிக் கோப்பைத் தன் பெயரில் பூட்டி வைத்துவிட்டு, அதை அடியோடு மறந்து, ஒருவன் தேனிலவுக்குக் கிளம்பிவிட்டான். புது மாப்பிள்ளைக்கு ஆயிரம் நினைப்பு; இந்த நினைப்பு மட்டும் இல்லை. துறைமுகத்தில் இருந்த குழு மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

துறைமுகக் கிரேன்களை இயக்கும் மென்பொருளை எழுதிக் கொடுப்பது அவர்கள் நிறுவனத்தின் தொழில். எழுதிய நிரல் அத்தனையும் ஒரே ஒரு சர்வரில், நகரத்தில் இருந்த தலைமை அலுவலகத்தின் நான்காம் மாடியில் குடியிருந்தது. ஒரு கோப்பைத் திருத்த வேண்டுமானால் முதலில் அதைத் தன் பெயரில் பூட்ட வேண்டும். பூட்டியவர் வேலையை முடித்துத் திருப்பித் தரும் வரை மற்றவர்கள் அதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொட முடியாது. பூட்டை உடைக்கும் அதிகாரம் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. அலுவலகத்தில் அவளுக்குச் சாவி என்றே பெயர்.

துறைமுகக் குழுவின் தலைவி, அந்தச் சாவியின் கூடப்பிறந்த தங்கை. வீட்டில் சின்னவள். அலுவலகத்திலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் போனை எடுத்தாள்.

"அக்கா, ஒரே ஒரு வரி மாத்தணும். பூட்டை எடுத்து விடேன்."

"பூட்டினவன்கிட்ட கேட்டியா?"

"விமானத்துல இருக்கான், பொண்டாட்டியோட."

"அப்ப இறங்கட்டும்."

"இறங்கினதும் முதல் வேலையா உன் போனைத்தான் எடுப்பான்னு நினைக்கிறியா?"

அக்கா சிரிக்கவில்லை. "அவன் பாதி திருத்தி வெச்சிருந்தான்னா? அது தெரியாம நீ மேல எழுதினா? லாரி ஞாபகம் இருக்குல்ல?"

லாரி என்ற சொல் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சின்னவள் போனை வைத்துவிட்டாள்.

லாரிக் கதை அந்த நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி ஒரு வாடகை அறையில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஓடிக்கொண்டிருந்த காலம். அப்போது சர்வரும் கிடையாது, பூட்டும் கிடையாது. அவரவர் கணினியில் அவரவர் எழுதி, கடைசியில் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுவார்கள். ஒருநாள் இரண்டு பேர் ஒரே கோப்பைத் தனித்தனியாகத் திருத்தினார்கள். பின்னால் கொட்டியவனுடையது முன்னால் கொட்டியவனுடையதை விழுங்கிவிட்டது. விழுங்கப்பட்டது பிரேக் பற்றிய திருத்தம். மறுநாள் ஒரு கன்டெய்னர் கிரேன் பிடியிலிருந்து நழுவி, கீழே நின்றிருந்த லாரியின் தலையை அப்பளமாக நொறுக்கியது. ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். அந்த ஓட்டுநர், கையில் டீக் கோப்பையோடு தன் லாரியைப் பார்த்தபடி நின்ற கோலத்தை அக்கா நேரில் பார்த்தவள். அந்த வாரமே சர்வரை நிறுவினாள், பூட்டுப் போட்டாள். அன்றிலிருந்து ஒருவர் வேலையை இன்னொருவர் அழித்ததாக ஒரு புகார் கிடையாது.

ஆகையால் அக்கா அதிகாரத்துக்கு ஆசைப்பட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் பயந்தவள். பயத்துக்குக் காரணமும் இருந்தது. இது சின்னவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தான் சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது.

இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா, அக்காவின் கணவர், சின்னவள். அத்தானுக்குப் பல் பிடுங்குகிற தொழில். பகலெல்லாம் மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் இந்த இரண்டு பேர் வாயை எப்படி மூடவைப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையிலும் அதே கதைதான்.

"பூட்டே இல்லாம ஒரு வழி இருக்கு," என்றாள் சின்னவள். "ஒவ்வொருத்தர் மெஷின்லயும் முழுப் பிரதி. இன்னைக்கு இருக்கிற நிரல் மட்டும் இல்ல, முதல் நாள்லேருந்து யாரு என்ன மாத்தினாங்க, ஏன் மாத்தினாங்க, அந்த வரலாறு பூராவும். அவங்கவங்க இடத்துல திருத்திப் பதிவு பண்ணிக்கலாம். அப்புறம் ஒண்ணா சேர்த்துக்கலாம்."

"ஒவ்வொருத்தரும் ஒரு உண்மையைக் கையில வெச்சிருந்தா, எதைக் கிரேன்ல ஏத்துவ?"

"சேர்த்ததை."

"சேரலைன்னா?"

"சேரலைன்னா அது நின்னு கேக்கும். ரெண்டு பேர் எழுதினதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டும். எதையும் தானா விழுங்காது."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. விழுங்கினப்புறம்தான் தெரியும்."

"உன் சர்வர் படுத்துடுச்சுன்னா என்ன பண்ணுவ?"

"படுக்காது. படுத்தாலும் டேப்புல நகல் இருக்கு, பேங்க் லாக்கர்ல. நான் என்ன முட்டாளா?"

அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "இந்த மேஜையில சர்வர் பேச்சு பேசுறவங்களுக்கு இனிமே மயக்க ஊசி போட்டுடுவேன். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

சின்னவள் அதோடு விடவில்லை. முதலாளியிடம் நேரம் கேட்டு வாங்கி, கூட்டத்தில் எழுந்து நின்று, படம் போட்டு விளக்கினாள். நன்றாகவே விளக்கினாள். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அப்புறம் அக்கா எழுந்தாள். படம் எதுவும் போடவில்லை. நொறுங்கின லாரியைப் பற்றி நிதானமாக நாலு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆடிய தலைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

"சாவி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் முதலாளி. கூட்டம் முடிந்தது.

சின்னவள் மடிக்கணினியை மூடிக்கொண்டு வெளியேறினாள். நடையில் வேகமாகப் போனவளை அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"நில்லு. கோவத்துல படியில உருண்டுடாத."

"என்ன?"

"உன் குழுவுக்குள்ள வேணும்னா வெச்சுப் பாரு. முழுசா நகல் எடுத்துக்கிற அனுமதி தர்றேன். தினமும் சாயங்காலம் என் சர்வர்லேருந்து புதுசா வந்ததை இழுத்துக்கோ. ஆனா கிரேன்ல ஏறுறது என் சர்வர்லேருந்துதான் ஏறணும். என் வீட்டுக்குள்ள செருப்போட வரக்கூடாது. புரியுதா?"

தோற்றவளுக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு மாதிரி இருந்தது. ஆனாலும் சின்னவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்த வார முடிவுக்குள் வரலாறு முழுவதையும் புது முறைக்கு மாற்றினாள். துறைமுகத்தில் அவளோடு வேலை பார்த்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் மைதானத்தில் இருந்தவனைக் கண்ணாடி என்பார்கள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவன் தன் வாயையே கண்டுபிடிக்க மாட்டான். லாரிகள் வெளியேறும் வாசலில் இருந்தவன் நெட்டை. இருவர் கணினியிலும் முழுப் பிரதியை ஏற்றினாள். முதலில் பயந்து பயந்து தொட்டவர்கள், பத்து நாளில் தண்ணீரில் விட்ட மீன் மாதிரி ஆகிவிட்டார்கள். பூட்டுக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்றே மறந்துவிட்டது.

புதுக் கப்பல்துறையில் முதல் கப்பல் வந்து கயிறு கட்டிய காலையில், அக்காவிடமிருந்து போன் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கட்டடத்துல தீ."

"உனக்கு ஒண்ணும் இல்லையே? மத்தவங்க?"

"எல்லாரும் வெளியில இருக்கோம். யாருக்கும் கீறல்கூட இல்ல. கீழ மின்சார அறையிலதான். அணைச்சுட்டாங்க. ஆனா பரிசோதனை முடியிற வரைக்கும் யாரையும் உள்ள விட மாட்டாங்களாம். வாசல்ல சீல் வெச்சுட்டாங்க. எத்தனை நாள் ஆகும்னு யாருக்கும் தெரியல."

"சர்வர்?"

"நாலாவது மாடியில சமத்தா உக்காந்திருக்கு. கரண்ட் இல்ல, ஆள் இல்ல."

"டேப்?"

"டேப் பேங்க்ல பத்திரமா இருக்கு. அதைப் படிக்கிற மெஷின் நாலாவது மாடியில இருக்கு."

வேறு ஒரு நாளாக இருந்தால் சின்னவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அவள் கண்ணெதிரே ஒரு கன்டெய்னர் பாதி வானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

புதுத் துறை கடலை ஒட்டி, திறந்த வெளியில் இருந்தது. காற்று அங்கே சீராக வீசாது; திடீரென்று ஒரு அறை, அப்புறம் அமைதி, மறுபடி ஒரு அறை. ஒருமுறை அறைந்தாலே கிரேனை நிறுத்து என்று மென்பொருளில் எழுதியிருந்தது. கிரேன் எழுதியதை அப்படியே கேட்டது. தூக்கும், நிற்கும். தூக்கும், நிற்கும். கிரேனின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து ஓட்டும் பெண்ணைக் கழுகு என்று கூப்பிடுவார்கள். அவள் வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தாள்: "ஏம்மா, இது கிரேனா, விக்கல் எடுத்த மாடா?"

கப்பலில் இருந்தவற்றில் பாதி குளிர்பெட்டிகள். உள்ளே ஆஸ்பத்திரிகளுக்கான மருந்து. இறக்கினதும் மைதானத்தில் மின் இணைப்பில் சொருக வேண்டும். தாமதித்தால் மருந்து வீண். சாயங்காலம் நீர்மட்டம் இறங்கும். அதற்குள் கப்பல் கிளம்பியாக வேண்டும். இறக்காத பெட்டிகள் கப்பலோடு அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடும்.

"அக்கா, நீ இங்க வா," என்றாள் சின்னவள்.

"நான் வந்து என்ன பண்றது? என்கிட்ட எதுவுமே இல்லடி. ஒரு வரி நிரல்கூட இல்ல."

"என்கிட்ட இருக்கு. வா."

அக்கா வருவதற்குள் அவள் வேலையைப் பிரித்தாள். புதுத் துறைக்கு நெட்வொர்க் இன்னும் இழுக்கவில்லை; தினசரி நகல் எடுப்பதெல்லாம் பழைய துறையின் அலுவலகத்தில்தான். ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் நடைதான். கிரேனை நிறுத்தும் விதியைச் சின்னவள் எடுத்துக்கொண்டாள். காற்றின் ஓர் அறைக்கெல்லாம் நிற்காமல், சிறிது நேரத்துச் சராசரியைப் பார்த்து நிறுத்துவது அவள் திருத்தம். மைதானத்தில் கண்ணாடி, தொங்கும் பெட்டியை மெல்ல இறக்கி வைத்துவிட்டு அதன்பின் நிற்கும்படி திருத்திக்கொண்டிருந்தான். நெட்டை, குளிர்பெட்டி ஏற்றிய லாரிகளுக்கு வாசலில் முதல் வழி கிடைக்கும்படி மாற்றினான். மூவரும் மூன்று இடத்தில், யாரும் யாருக்காகவும் காத்திருக்காமல், ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய முறையில் இது நடந்தே இருக்காது.

அக்கா வந்து சேர்ந்தாள். தீ என்றதும் வீட்டிலிருந்து ஓடிய அதே கோலம்: வீட்டுச் செருப்பு, சரியாக வாராத தலை. அத்தான் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். "உங்க அக்கா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. எனக்கு அதுதான் பயமா இருக்கு," என்று காதோடு சொல்லிவிட்டு, வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தகரக் கூரை போட்ட தற்காலிக அறை. மேஜை என்று ஒரு பலகை. சின்னவள் தன் மடிக்கணினியை அக்கா பக்கம் திருப்பினாள்.

அக்கா முதலில் கேட்டது, எதிர்பார்த்த கேள்விதான். "இது என் சர்வர்ல இருந்ததேதான்னு எப்படி நம்புறது?"

"ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கைரேகை மாதிரி எண் உண்டு. உள்ள ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிடும். கடைசியா நேத்து சாயங்காலம் உன்கிட்டேருந்து இழுத்தது. என் மெஷின்ல இந்த எண்."

போனில் கண்ணாடியைக் கூப்பிட்டாள். அவன் தன்னிடம் இருந்த எண்ணைப் படித்தான். நெட்டையும் படித்தான். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது.

"நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் சர்வர்ல யாரும் எதுவும் போடல," என்றாள் அக்கா, தனக்குத்தானே சொல்வது போல. "எனக்குத் தெரியும். நான்தான் கடைசியா கிளம்பினேன்."

பிறகு அவள் வரலாற்றைப் பின்னோக்கி உருட்டினாள். ஒவ்வொரு திருத்தமும், செய்தவர் பெயரும், ஏன் செய்தோம் என்ற குறிப்பும் கீழே கீழே ஓடின. வேலையை விட்டுப் போனவர்கள், கல்யாணம் கட்டி வேறு ஊர் போனவர்கள், எல்லோரும் வந்து போனார்கள். கடைசியில் ஒரு பதிவில் நின்றது. அவள் பெயர். லாரி நொறுங்கின வாரம். குறிப்பு: 'ஒரு முறை காற்று மிஞ்சினாலும் உடனே நிறுத்து. இப்போதைய பிரேக்கை நம்ப முடியாது. புதிய பிரேக் வந்த பிறகு இதை மறுபடி யோசிக்கலாம்.'

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். "இதை எழுதினதே எனக்கு மறந்துபோச்சு."

"இந்தக் கிரேன்ல புது பிரேக்," என்றாள் சின்னவள் மெதுவாக.

"அப்ப இதை மாத்தலாம். நானே சொல்லி வெச்சிருக்கேன்." அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அலுவலகத்தில் எல்லோரும் பார்த்துப் பழகிய ஆள் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். "கொண்டு வா, யாரு யாரு என்ன செஞ்சீங்கன்னு பாப்போம்."

கண்ணாடி மூச்சு வாங்க ஓடிவந்தான், கையில் பென்டிரைவ். நெட்டை லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு வந்தான். முதலில் நெட்டையின் திருத்தத்தைச் சேர்த்தார்கள். சத்தமே இல்லாமல் சேர்ந்துகொண்டது. அக்காவின் புருவம் லேசாக உயர்ந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது கண்ணாடியுடையது. சேர்க்கச் சொன்னதும் திரை நின்றது. 'மோதல்' என்றது.

சின்னவளும் கண்ணாடியும் ஒரே கோப்பில் ஒரே இடத்தை மாற்றியிருந்தார்கள். லாரியை நொறுக்கியதும் இதே மாதிரி ஒரு மோதல்தான். அக்கா இப்போது எழுந்து, நான் அப்போதே சொன்னேன் என்று போய்விட்டால்?

அக்கா எழவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்தாள். திரையில் மேலே சின்னவள் எழுதியது, கீழே கண்ணாடி எழுதியது. இரண்டும் முழுசாக இருந்தன.

"எதையும் முழுங்கல," என்றாள்.

"முழுங்காதுன்னு சொன்னேன்ல."

"சொன்ன. நான்தான் காதுல வாங்கல." பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலேயே சொன்னாள். அக்காவின் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததை நம்ப முடியாமல் சின்னவள் கண்ணாடியைப் பார்த்தாள். அவன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அக்கா வரி வரியாகப் படித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பது என்பார்களே, அப்படி. "ரெண்டு பேரும் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா ரெண்டையும் அப்படியே ஒட்டினா தப்பு. நீ சராசரி பார்த்து நிறுத்துற. இவன், நிறுத்துறதுக்கு முன்னாடி மெல்ல இறக்குறான். காத்து கொஞ்சம் கொஞ்சமா ஏறினா இது ரெண்டும் போதும். பேய் மாதிரி ஒரு அடி அடிச்சா? அப்ப சராசரி பாத்துக்கிட்டும் இருக்கக்கூடாது, இறக்கிக்கிட்டும் இருக்கக்கூடாது. பிரேக்கைப் போட்டுப் பிடிச்சுக்கணும்."

"மூணு நிலை," என்றான் கண்ணாடி.

"மூணு நிலை. நகரு, நான் எழுதுறேன்."

அவள் விரல்கள் விசைப்பலகையில் இறங்கின. பல வருடமாக மற்றவர்களின் பூட்டுகளைக் காவல் காத்தவள் தானே நிரல் எழுதி எவ்வளவு நாளாயிற்று என்று சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு அழகாக எழுதுகிறவளை ஒரு வாசற்கதவாக நிற்க வைத்திருந்தோமே என்று தோன்றியது. எழுதி முடித்ததும் மூவரையும் படிக்கச் சொன்னாள். நெட்டை ஓர் இடத்தில் குறை கண்டுபிடித்தான். "அட ஆமா," என்று திருத்தினாள். பிறகு பதிவுக் குறிப்பைத் தட்டினாள்: 'மூன்று பேர் செய்தது. நான் சேர்த்தேன். நால்வரும் படித்தோம்.'

போலிக் கிரேனில் ஓட்டிப் பார்க்கும் சோதனை, துறைமுகக் குழுவின் கணினியிலேயே இருந்தது. காற்றைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினார்கள். இளங்காற்றில் தூக்கிக்கொண்டே போனது. கூடிக்கொண்டே வந்த காற்றில் மெல்ல இறக்கி நின்றது. பேய்க்காற்றில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

கிரேனில் ஏற்றுவதற்குத் துறைமுக அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். அவர் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உங்க தலைமை அலுவலகமே மூடிக் கிடக்குதாமே. இது எங்கேருந்து வந்துச்சு?"

"இங்கேருந்துதான்," என்றாள் சின்னவள். "மூணு மெஷின்லயும் முழுசா இருக்கு."

"அது சரிம்மா. யாரு பொறுப்பு? ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைக் கூப்பிடுறது?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள். "என்னை. இதை வரிக்கு வரி படிச்சிருக்கேன். பழசு ஏன் அப்படி இருந்ததுங்கிறதும் எனக்குத் தெரியும், புதுசு ஏன் இப்படி இருக்குங்கிறதும் தெரியும். முதல்ல காலிப் பெட்டியில தூக்கிக் காட்டுறோம். உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா நிறுத்திடலாம்."

அதிகாரி அவள் செருப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "காலிப் பெட்டியில தூக்குங்க," என்றார்.

ஏற்றினார்கள். கழுகு கூண்டிலிருந்து வயர்லெஸ்ஸில் கேட்டாள்: "இப்பவாவது விக்கல் நின்னுச்சா?"

"தூக்கிப் பாருங்க," என்றாள் சின்னவள்.

காலிப் பெட்டி தரையை விட்டுக் கிளம்பியது. கடலிலிருந்து ஒரு காற்று வந்து எல்லோர் சட்டையையும் அறைந்தது. பெட்டி நிற்கவில்லை. ஏறியது. இன்னோர் அறை. ஏறிக்கொண்டே இருந்தது. உச்சிக்குப் போய், பக்கவாட்டில் நகர்ந்து, பூப்போல லாரியில் வந்து உட்கார்ந்தது. மறுபடி தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினார்கள். அதிகாரி எதுவும் சொல்லாமல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கப்பலைக் காட்டிக் கையை அசைத்தார்.

அதன்பின் நடந்ததைத் துறைமுகத்தில் ரொம்ப நாள் பேசினார்கள். கழுகு தூக்கினாள், தூக்கினாள், தூக்கிக்கொண்டே இருந்தாள். கப்பலின் வயிற்றிலிருந்து வெள்ளைக் குளிர்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. மைதானத்தில் கண்ணாடி இங்கும் அங்கும் ஓடினான். சொருகிய பெட்டிகளில் பச்சை விளக்கு எரிய எரிய, எதிரில் வந்தவனையெல்லாம் கட்டிப்பிடித்தான். வாசலில் நெட்டையின் லாரிகள் நிற்காமல் வழுக்கிப் போயின. நடுவில் ஒரு முறை காற்று கூடிக்கொண்டே வந்தது. கிரேன் தானாகவே பெட்டியை மெல்ல இறக்கி வைத்துவிட்டு நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். காற்று தணிந்தது, கிரேன் மறுபடி கிளம்பியது. கூலியாட்கள் கை தட்டினார்கள். ஏன் தட்டுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனாலும் தட்டினார்கள்.

முதலாளி அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, குளிர்பெட்டி ஒன்றுகூடக் கப்பலில் மிச்சம் இல்லை. அவர் முகத்தில் இருந்த கலவரம் வடிய நேரம் பிடித்தது.

"சர்வர் இல்லாம எப்படி?" என்றார்.

"சர்வர் இல்லாமத்தான் சார்," என்றாள் அக்கா. "சின்னவ அன்னைக்குப் படம் போட்டுச் சொன்னாளே, அதுதான். நான்தான் லாரியைக் காட்டி உங்களைப் பயமுறுத்திட்டேன். கட்டடம் திறந்ததும் எல்லாப் பூட்டையும் எடுத்துடறேன். எல்லார்கிட்டயும் முழுப் பிரதி இருக்கட்டும்."

"அப்ப மையம்னு ஒண்ணு வேண்டாமா?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். சின்னவள்தான் பதில் சொன்னாள். "கிரேன்ல ஏறப்போறதை ஒருத்தர் உக்காந்து சேர்த்து, படிச்சு, சரின்னு சொல்லணும் சார். இன்னைக்கு அக்கா இல்லைன்னா அந்த மோதலை நான் தப்பா முடிச்சிருப்பேன். அந்த ஆள் வேணும். பூட்டு வேண்டாம்."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை அன்னைக்கே வீட்டுல பேசி முடிச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?"

"வீட்டுல மயக்க ஊசி போடுவேன்னு மிரட்டுறாங்க சார்," என்றாள் சின்னவள். பின்னால் நின்ற அத்தான் ஒன்றும் தெரியாதவர் போல வானத்தைப் பார்த்தார்.

நீர் இறங்குவதற்கு முன்பே கப்பல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டது. அதன் ஊதல் துறை முழுக்க அதிர்ந்தது. அப்போது வயர்லெஸ் கரகரத்தது.

"கீழ இருக்கிற அந்த ரெண்டு அக்கா தங்கச்சியும் மேல வர்றீங்களா? நீங்க எழுதினதை இங்கேருந்து ஒரு தடவை பாருங்க. அடுத்த கப்பல் வெளிய காத்திருக்கு."

அக்கா தயங்கினாள். "இத்தனை வருஷமா இதுக்கு எழுதுறேன். ஒரு நாள்கூட இதுல ஏறினதில்ல."

"இந்தச் செருப்போடயா?" என்றார் அத்தான். தன் ஷூவைக் கழற்றி அவள் காலடியில் வைத்தார். அது படகு மாதிரி இருந்தது. அக்கா நாடாவை இறுக்கிக் கட்டினாள். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இருவரும் லிஃப்டில் ஏறினார்கள்.

மேலே கண்ணாடித் தரை. காலுக்குக் கீழே கடல், கப்பல் விட்டுப்போன நுரை, தீப்பெட்டி போல லாரிகள். சாயங்கால வெயில் தண்ணீரெங்கும் உடைந்து கிடந்தது. அக்கா சின்னவளின் தோளைப் பிடித்த பிடி நோகும்படி இருந்தது. கழுகு கைப்பிடியை முன்னால் தள்ளினாள். வெகு கீழே, துறைமேடையில் கிடந்த காலிப் பெட்டி கிளம்பி, பெரிதாகி, பெரிதாகி, அவர்கள் கால் மட்டத்துக்கு வந்தது. காற்று கூண்டை உலுக்கியது. பெட்டி கொஞ்சம்கூடத் தயங்காமல் நகர்ந்து போய்த் தன் இடத்தில் இறங்கியது.

அக்கா கண்ணாடித் தரையில் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கழுகின் பக்கம் திரும்பினாள்.

"இன்னொண்ணு தூக்குங்க," என்றாள்.